சங்கத்தில் சர்ப்பம்

எங்கள் ஊர் வாசகசாலைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஜனங்களுக்கு அறிவும் புகட்ட வேண்டும், கூட்டமும் சேர வேண்டும், செலவும் ஆகக் கூடாது என்ற மூன்று லட்சியங்களையும் ஒருங்கே நிறைவேற்ற வழி என்னவென்று நிர்வாகக் குழு கூடி ஆலோசித்தபோது, போன வருஷத்துப் பட்டிமன்றத்தை இன்னும் மறக்காத ஓர் அங்கத்தினர், இம்முறை மனிதர்களே வேண்டாம், மிருகங்களைக் கொண்டு நடத்தலாம் என்று பிரேரித்தார். சர்க்கஸ் சிங்கம், கோயில் யானை என்று வளர்ந்த பேச்சு, பொருளாளர் தீனிச் செலவை வாய்விட்டுக் கணக்கிட்டதும் தேய்ந்து, துணிப்பையில் அடங்குவதும் நாட்கணக்கில் பட்டினி கிடந்தாலும் முகம் கோணாததுமான பாம்பில் வந்து நின்றது.

செயலாளன் என்ற முறையில் காரியம் என் தலையில் விழுந்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புக்கும் அபயம் அளித்திருப்பதால், வனத்துறையின் அநுமதியில்லாமல் அதை மேடையேற்ற முடியாது. அநுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு கிடைத்தது. வெயில் படக்கூடாது, யாரும் தொட்டுத் துன்புறுத்தக்கூடாது, முடிந்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று அத்தனையும் பாம்பின் க்ஷேமத்தைப் பற்றியவை. சபையோரின் க்ஷேமத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பாம்புகளோடு வந்தவர் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த இருளர் பழங்குடிப் பெரியவர். பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் நிறுத்தியபின் பிழைப்பிழந்து நின்ற இருளர்கள், பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டுச் சில வாரங்களில் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. ஒரு சங்கத்தால் உருப்படியான காரியமும் செய்ய முடியும் என்பதற்கு நான் அறிந்த அத்தாட்சி அது ஒன்றுதான்.

விழாவன்று தகராறு சங்கீதத்தில் தொடங்கிற்று. உள்ளூர் நாகஸ்வர வித்துவான், நாகம் படமெடுக்கும் தருணத்தில் புன்னாகவராளி வாசிக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். “வேண்டாங்க. அதுக்குப் பாட்டு தெரியாதுங்க. முன்னால எது ஆடுதோ அதைத்தான் பாக்கும்” என்று பெரியவர் பணிவாகச் சொல்லிவிட்டார். பாம்புக்குப் புறச்செவி இல்லை, தரையின் அதிர்வே அதற்குப் பிரதானம், மகுடிக்கு ஆடுவதாக நாம் எண்ணுவது மகுடியின் அசைவைக் கண்டு அது எச்சரிக்கையாகத் தலை திருப்புவதுதான் என்று நான் எடுத்துரைத்தும் வித்துவானின் மனம் ஆறவில்லை. ராகத்தில் குற்றமில்லை, இக்காலத்துப் பாம்புகளுக்குத்தான் ஞானம் போதாது என்று சொல்லிக்கொண்டே வாத்தியத்தை உறையில் இட்டார்.

அடுத்தது பால். மாதர் பகுதியார், பொருளாளரிடம் பணம் வாங்கி, செம்பு நிறையப் பசும்பாலும் ஒரு தட்டில் முட்டையும் மஞ்சள் குங்குமத்தோடு கொணர்ந்திருந்தார்கள். “பால் குடிக்காதுங்கம்மா. எலி, தவளைதான்” என்றார் பெரியவர். பால் மேடைக்குப் பின்னால் காப்பியாகி நிர்வாகக் குழுவினரை அடைந்தது. முட்டைகள் யாரை அடைந்தன என்பது இன்றளவும் விசாரணையில் இருக்கிறது.

பிறகு தலைமையுரை. ஆதிசேஷனில் தொடங்கி, வாசுகியைக் கொண்டு பாற்கடலைக் கடைந்து, காளிங்கனைக் கடந்து, தக்ஷகன் பரீக்ஷித்து மகாராஜாவைத் தீண்டும் கட்டத்தைத் தலைவர் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அவர் காலடியிலிருந்த பைகளில் ஒன்று சற்றே அசைந்தது. “ஆகவே” என்று தொடங்கிய வாக்கியம் “வணக்கம்” என்று முடிந்தது. இத்தனை வருஷங்களில் யாரும் துண்டுச் சீட்டு அனுப்பாமல் அவர் பேச்சு நின்றது அன்றுதான்.

பெரியவர் முடிச்சை அவிழ்த்தார். கண்ணாடி விரியன், முதுகில் சங்கிலி கோத்தாற்போன்ற வட்டங்களோடு வெளிவந்து, கொல்லன் துருத்தியைப்போல் சீறியதில் முன்வரிசைப் பிரமுகர்கள் தாமாகவே பின்வரிசைக்குப் போய், எப்போதும் நின்றுகொண்டே பார்க்கும் சிறுவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. கட்டுவிரியனோ, கருத்த மேனியில் வெள்ளை வளையங்கள் தெரிய, பகல் வெளிச்சத்துக்கு நாணித் தன் சுருளுக்குள்ளேயே தலையைப் புதைத்துக்கொண்டது. “பகல்ல இப்படித்தாங்க. ராவுல தரையில படுத்திருக்கறவங்களைக் கடிச்சிடும். கடிச்சது கூடத் தெரியாது. கட்டில்ல படுங்க, கொசுவலை கட்டுங்க. கடிச்சா கீறாதீங்க, மந்திரிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி” என்றார். தலைமையுரை முழுவதையும் தராசின் ஒரு தட்டில் இட்டாலும் இந்தச் சில வாக்கியங்களுக்கு ஈடாகாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சந்தேகம் கேட்கலாம் என்றதும், ஓய்வுபெற்ற கர்ணம் ஒருவர் எழுந்து, கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிகிறதா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்குமாமே என்றார். அதன் கடியால் மனிதன் சாவதே இல்லை என்று பெரியவர் பதிலளித்தார். “அது இருக்கட்டும்; ஏறிப் பார்க்குமா, பார்க்காதா? அதைச் சொல்லும்” என்றார் கர்ணம். சபை அவர் பக்கம்தான் இருந்தது.

மறுமாதம் பொதுக்குழுவில் விழாக் கணக்கு வாசிக்கப்பட்டது. ‘பாம்புகளுக்குப் பாலும் முட்டையும் வாங்கிய வகையில்’ என்று கண்டிருந்த தொகை ஏகமனதாக நிறைவேறிற்று. பெரியவருக்குக் கொடுத்த பஸ் சார்ஜும் சன்மானமும் மட்டும் சற்று அதிகப்படி என்று வித்துவான் எழுந்து ஆட்சேபித்தார்.