ஒன்பதரை மணிக் கரண்ட்

ஜரிகையின் நுனியைப் பிரித்துப் பார்த்து, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் அசல், இல்லாவிட்டால் யோசிக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிடுவேன். ஆரணியில் தறி வீட்டில் பிறந்தவனுக்கு இது பெரிய வித்தையில்லை. ஆனாலும் கல்யாணப் பட்டு எடுக்க வரும் வெளியூர் உறவுகள் முன்னால் கொஞ்சம் அதிகமாகவே செய்து காட்டுவேன்.

2022இல் ஒரு சாயங்காலம் போனில் இங்கிலீஷில் ஒரு செய்தி. போன மாத பில் அப்டேட் ஆகவில்லையாம், இரவு 9.30க்குக் கரண்டைத் துண்டிப்பார்களாம். உடனே மின்வாரிய அதிகாரியைக் கூப்பிட வேண்டுமாம். கீழே ஒரு செல் நம்பர். அப்பா குழித்தறியில் முந்தானை நெய்துகொண்டிருந்தார். கண்ணுக்கு அந்த ஒற்றை பல்புதான் துணை. கூப்பிட்டுவிட்டேன்.

“டென் ருபீஸ் ஒன்லி சார்” என்றான். பத்து ரூபாய்க்கு இவ்வளவு மரியாதை எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். இறக்கினால் என் போன் திரை அவனுக்கும் தெரியும். பத்து ரூபாய் கட்ட நான் அடிக்கும் பின் நம்பர், வந்து விழும் ஓடிபி எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வான். ஆனால் ஆப் இறங்கவில்லை. போனில் இடமில்லை. சித்தப்பா தினமும் அனுப்பும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்கள் மொத்தத்தையும் அடைத்துக்கொண்டிருந்தன. அவரை நான் திட்டாத நாளில்லை.

“இன்னாடா, யாரு போன்ல?” என்றார் அப்பா. சொன்னேன். நாடாவை நிறுத்தினார்.

“நம்மளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்தானடா கணக்கெடுப்பான். போன மாச பில்லு எங்கேர்ந்து வந்துச்சு?”

கதவுக்குப் பின்னால் தொங்கிய கரண்ட் கணக்கு வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தேன். கைத்தறி வீட்டுக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவசம். (2023இல் அது 300 ஆனது.) நாங்கள் அதைத் தாண்டவில்லை. கட்ட வேண்டியது பூஜ்யம். பூஜ்யத்தைக் கட்டத் தவறியதற்காகத்தான் நான் அரை மணி நேரமாக ஒருவனிடம் கெஞ்சியிருக்கிறேன்.

இதே வாசகம் அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றியதும், நம்பாதீர்கள் என்று மின்வாரியமே சொன்னதும் பிறகுதான் தெரிந்தது. இதற்குப் பெயர் ஃபிஷிங், தூண்டில் போடுவது. எங்கள் கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுவதே எப்போதாவதுதான். தூண்டிலைப் பார்த்துப் பழகாத ஊர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. நைஜீரிய மோசடிக் கடிதங்கள் ஏன் அவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கின்றன என்று மைக்ரோசாஃப்டின் கார்மாக் ஹெர்லி 2012இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். விவரமானவன் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு விலகிவிட வேண்டும். மிஞ்சுகிறவனிடம் மட்டும் மெனக்கெட்டால் போதும் என்பது கணக்காம். மாத பில் என்பது தெரியாமல் செய்த பிழையோ, வேண்டுமென்றே வைத்த சல்லடையோ, மிஞ்சியவன் நான்.

பணத்தை விட்டுவிட்டு இந்த மோசடிக்காரர்கள் ஏன் பின் நம்பர், பிறந்த தேதி, ஆதார் என்று அலைகிறார்கள் என்பது அப்பாவுக்கு நான் விளக்காமலே புரிந்தது. சேலையைத் திருடினால் ஒரு சேலையோடு போச்சு. டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டைக் கட்டைத் தூக்கிப் போனால், அதே பார்டரை அவன் எந்த ஊர்த் தறியிலும் எத்தனை சேலைக்கும் போடலாம். புது டிசைன் தறியில் ஏறிவிட்டால் ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுகிற மனிதர் அவர். “நீ இன்னாடான்னா அட்டைய எவன்கிட்டயோ காட்டப் போன” என்றார்.

அன்றிரவு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்பதரைக்கு வீட்டில் எல்லோரும் அந்த பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எரிந்தது. அப்பா சிரித்துவிட்டு மறுபடி தறியில் காலை விட்டார். ஒன்பதே முக்காலுக்கு இடி இடித்தது, மழை பிடித்தது, தெருவே இருண்டது.

இருட்டில் என் மனைவியின் குரல் கேட்டது: “பத்து ரூபாதானே... கட்டியிருக்கலாமோ?”