பொன்னாடைக் கோப்பை

கொங்குச் சீமையில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஐந்து குவார்ட்டர். உலகம் முழுக்க நாலுதானே என்பீர்கள். பத்து பத்து நிமிடமாகப் பையன்கள் ஆடுவது நாலு. ஐந்தாவது மேடையில் நடப்பது. அதற்குக் கடிகாரம் கிடையாது, ஃபவுல் கிடையாது, நடுவரும் கிடையாது. இந்த ஐந்தாவதுதான் முதலில் நடக்கும்.

காலை எட்டு மணிக்கு ஆட்டம் என்று அழைப்பிதழ் சொல்லும். பையன்கள் ஏழு மணிக்கே வந்து ஓடி, குதித்து, உடம்பைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் பத்தேகாலுக்கு வந்து சேரும்போது அந்தச் சூடெல்லாம் ஆறி, சிமென்ட் தரைக்குச் சூடு ஏறியிருக்கும். பிறகு குத்துவிளக்கு. திறந்தவெளிக் காற்றில் அது அணைய அணைய நாலு பேர் கையால் மறைத்துக்கொண்டு ஏற்றுவார்கள். அதன்பின் பொன்னாடை. சேர்மன் அய்யாவுக்கு, செயலாளருக்கு, இணைச் செயலாளருக்கு, அறங்காவலருக்கு, அறங்காவலரின் மருமகனுக்கு, முதல்வருக்கு, டீன் என்ற பெயரில் உலவும் அத்தனை பேருக்கும். ஒருவரை விட்டுவிட்டால் பங்காளிச் சண்டை வந்துவிடும் என்பதால் பட்டியலைச் சுருக்க யாருக்கும் தைரியம் இல்லை. இரண்டு அணிகளும் வெயிலில் வரிசையாக நின்று இதற்கெல்லாம் கைதட்ட வேண்டும். இன்னும் ஆட்டமே ஆடாத பிள்ளைகளிடம் தோல்வியைக் கண்டு துவள வேண்டாம் என்று விருந்தினர் கால் மணி நேரம் அறிவுரை சொல்வார்.

கடைசியில் அவர் பந்தை ரிங்கில் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். ரிங் பத்தடி உயரம். முதல் பந்து போர்டுக்கே எட்டாது. இரண்டாவது, படம் எடுப்பவரின் தலையை உரசும். மூன்றாவதுக்கு அவரை ரிங்குக்கு அடியிலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஆட்டத்தில் பந்து கையில் இருக்கும் அணி 24 வினாடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மைக் கையில் இருப்பவருக்கு அப்படி ஒரு விதியைச் சர்வதேசக் கூட்டமைப்பு இன்னும் போடவில்லை.

நான் இந்த சீசனில் ஒரு கல்லூரி அணியின் பின்னாலேயே சுற்றினேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். எழுதினால் இன்னும் பத்துக் கல்லூரிகள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளும்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஏணியைச் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டி, அதில் ஜெயித்தால் மண்டலங்களுக்கு இடையிலான போட்டி. கலை அறிவியல் கல்லூரி என்றால் பாரதியார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அங்கே கண்ணில் பட்டவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி உருவாகும். அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். தேறினால் அகில இந்தியப் போட்டி, அங்கேயும் தேறினால் 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. ஏணி நல்ல ஏணிதான். ஒவ்வொரு படியிலும் ஒரு மேடை போட்டு ஆள் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

கோவைக்குக் கூடைப்பந்து நேற்று வந்த மோகம் இல்லை. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. டெக் உள்ளரங்கில் பி.எஸ்.ஜி. கோப்பை நடக்கும்போது ராணுவம், கடற்படை, விமானப்படை, வங்கி என்று நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடும். மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் நடத்துகிறது. பம்பு செய்கிற ஊரில் பம்பின் பெயரில் கோப்பை இருப்பது நியாயம்தான். கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், நடுவர் விசில் ஊதுமுன்பே "டிராவல்ங்க!" என்று கத்துவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். இப்படி ஆட்டம் தெரிந்த ஊரில்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள் என்பதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

1926-இல் பீளமேட்டு பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நால்வர் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார்கள். இன்றைய கல்வித் தந்தையர் பலர் அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள். ஐந்து பங்கும் வீட்டுக்கு. தர்மம் என்ற பெயர் மட்டும் டிரஸ்ட்டின் லெட்டர்பேடுக்கு.

இனி ஆட்களைப் பிடிக்கும் கதை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு என்று அரசு 500 இடம் ஒதுக்குகிறது. அதற்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, தரவரிசை எல்லாம் உண்டு. நிர்வாக இடங்களில் நடப்பது வேறு. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது போல, மாநிலப் போட்டி நடக்கும் கேலரியின் பின்வரிசையில் பேச்சு நடக்கும். பையன் ஆறடி மூன்று அங்குலமா? சீட் இலவசம். ஆறடி ஐந்தா? ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து இலவசம். அப்பா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், கண்ணில் நீர் வைத்துக் கும்பிடுவார். எத்தனை வருடத்துக்கு இலவசம், எந்த நிபந்தனையில் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுத மாட்டார்கள். பையனின் அசல் சான்றிதழ்கள் மட்டும் உடனே ஆபீசுக்குள் போய்விடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்தது. அறிவிப்பு டெல்லியில் இருக்கிறது. பீரோவின் சாவி இங்கே இருக்கிறது.

மாட்டுச் சந்தையிலாவது வாங்கிய மாடு நொண்டினால் நட்டம் வாங்கியவன் தலையில்.

இந்தப் பையன்களைக் கொண்டு என்ன செய்கிறார்கள்? கல்லூரிகளுக்குக் கிரேடு போடும் நாக் குழு வரும்போது கோப்பில் வைக்கிறார்கள். நாக் எனும் அந்தத் தேசிய மதிப்பீட்டுக் குழுவின் படிவத்தில், மாணவர்கள் விளையாட்டிலும் கலையிலும் வாங்கிய பதக்கங்களுக்கு என்றே ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் நிரம்பினால் மதிப்பெண், மதிப்பெண் ஏறினால் கிரேடு, கிரேடு ஏறினால் அவினாசி ரோடு முழுக்க ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ் ஏறினால் ஃபீஸ். ரீபவுண்டுக்கு எம்பும் ஒவ்வொரு பையனும் எம்புவது அந்தக் கட்டத்துக்காகத்தான், அவனுக்குத்தான் தெரியாது. இதில் கொஞ்சமாவது உழைப்பு இருக்கிறது என்று மெச்சலாம். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நல்ல கிரேடு தரப் பணம், தங்கம், லேப்டாப், செல்போன் கைமாறியது என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டு, ஆய்வுக் குழுவினர் உட்படப் பத்துப் பேரைப் பிடித்தது.

எங்கள் அணியின் பயிற்சிக் களத்துக்கும் நாக் தயவு உண்டு. ஒரு கம்பத்தின் அடிப்பாகம் கையால் சுரண்டினாலே பொரிப்பொரியாக உதிரும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது. பி.டி. சார் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். குழு வரப்போகிறது என்றதும் போர்டுக்கு வெள்ளை, கம்பத்துக்கு நீலம், நடுவில் கல்லூரிச் சின்னம். துரு அப்படியே உள்ளே பத்திரமாக இருக்கிறது. 2025 நவம்பரில் ஹரியானாவில், சில நாள் இடைவெளியில் இரண்டு இடங்களில் கூடைப்பந்துக் கம்பம் சாய்ந்து இரண்டு பையன்கள் செத்தார்கள். ஒருவனுக்கு வயது 16, தேசிய அளவில் ஆடியவன். ரிங்கைப் பிடித்துத் தொங்கியதுதான் அவன் செய்த குற்றம். அந்தச் செய்தியை பி.டி. சார் வெட்டி மூன்றாவது கடிதத்தோடு இணைத்து அனுப்பினார். பதில் வந்தது: மாணவர்கள் ரிங்கைத் தொடக் கூடாது என்று போர்டு வைக்கவும்.

பல்கலைக்கழகங்களாவது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால் அங்கே வேறு கூத்து. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2018 பிப்ரவரியில் துணைவேந்தரே லஞ்ச வழக்கில் கைதானார். 2022 அக்டோபரில் அடுத்து வந்தவரின் காலம் முடிந்தது. அதற்குப் பின் ஆளுநர் மாளிகைக்கும் கோட்டைக்கும் நடந்த இழுபறியில் நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலி, ஒரு குழுதான் கையெழுத்துப் போட்டு ஓட்டியது. கேப்டன் யார் என்று எழுதிக் கொடுக்காமல் ஓர் அணி களத்தில் இறங்க முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை மேய்க்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கவலை இல்லை.

ஏணியில் ஏறியவர்களுக்குக் கிடைப்பது என்ன? 2025 ஜனவரியில் பஞ்சாபின் பட்டிண்டாவுக்குப் பல்கலைக்கழகக் கபடி ஆடப்போன நம் பெண்கள் களத்திலேயே அடி வாங்கினார்கள். அப்புறம் அமைச்சர் தலையிட்டு ஊருக்குக் கூட்டி வர வேண்டியிருந்தது. அடி விழுந்தால்தான் அவர்கள் எந்த ரயிலில் போனார்கள், எங்கே படுத்தார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. கூடைப்பந்துப் பையன்கள் ரயிலில் கழிப்பறை ஓரம் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் போவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆறடி மூன்று அங்குலத்தை அங்கே எப்படி மடக்கிப் படுப்பது என்பதையும்.

அமெரிக்காவிலும் இதே ஏமாற்றுதான் நெடுங்காலம் நடந்தது. மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்தை வைத்துத் தொலைக்காட்சியில் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு, ஆடுகிற பிள்ளைகளிடம் நீங்கள் மாணவர்கள், காசைப் பற்றிப் பேசலாமா என்றார்கள். பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கத்தின் தலையில் குட்டினார்கள். 2025 ஜூனில் வந்த சமரசத்தின்படி ஒரு கல்லூரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கே பங்கு தரலாம். நம் பையன்கள் டாலர் கேட்கவில்லை. முட்டிக்கு ஒரு நீகேப் கேட்டார்கள். பட்ஜெட் இல்லை என்றார்கள். தொடக்க விழா மேடையில் விழுந்த பொன்னாடைகளை நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் எத்தனை நீகேப் என்று சொல்லியிருப்பேன்.

சீசனின் ஒரு போட்டியில், அரை இறுதியின் மூன்றாவது குவார்ட்டரில் நம் பல்லடத்துப் பையன் ரீபவுண்டுக்கு எம்பினான். பந்தைப் பிடித்தும்விட்டான். இறங்கும்போது இடது கால் ஒரு பக்கமும் உடம்பு இன்னொரு பக்கமும் திரும்பின. சத்தம் பெஞ்ச் வரைக்கும் கேட்டது. ஸ்ட்ரெச்சர் இல்லை. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றதா என்றால், வாசலில் விருந்தினரின் கார் நின்றது, டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். பி.டி. சார் தன் பைக்கில் பையனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் இன்னொருவன் அவன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன் காசும் அவருடையதுதான். ஒப்பந்தச் சம்பளக்காரர். முட்டித் தசைநார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன், ஒன்பது மாதம் என்றார் டாக்டர்.

அணி அரை இறுதியை ஜெயித்து இறுதியில் தோற்றது. மறுநாள் சேர்மன் அய்யா பி.டி. சாரைக் கூப்பிட்டார். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங்க, ரன்னர்ஸ் கப்பும் அதே சைஸ்தானுங்களே?"

"கொஞ்சம் சின்னதுங்க அய்யா."

"ஃபோட்டோவுல தெரியாதுல்லங்க. அந்தப் பையன் இனி ஆடுவானுங்களா?"

"ஒம்பது மாசம் ஆகும்ங்கறாங்க அய்யா."

"சரி, அதுவரைக்கும் ஃபீஸ் கட்டச் சொல்லிப்போடுங்க. ஆடாத பையனுக்கு எதுக்குங்க ஸ்போர்ட்ஸ் கோட்டா?"

பி.டி. சார் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டார்.

அட்மிஷன் காலம் தொடங்கியதும் கல்லூரி வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'எங்கள் சிங்கங்கள்.' சீசன் முழுவதும் எடுத்த படங்களில் நன்றாக வந்தது, அந்தப் பையன் ரீபவுண்டுக்கு எம்பும் படம்தான். அதையே நடுவில் போட்டிருந்தார்கள். சேர்மன் அய்யாவின் முகம் மேலே, பந்து இருக்க வேண்டிய உயரத்தில். ஃபீஸ் பாக்கிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பையனின் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்கு வந்தார். ஜன்னல் வழியாக ஃப்ளெக்ஸைக் காட்டி, "ஏனுங்க சார், அது எம்பட பையன்தானுங்க" என்றார்.

"ஆமாங்க, நல்லா வந்திருக்குதுங்க. பணம் கட்டறதுக்கு மூணாவது கவுன்ட்டர்."