மேனும் பாஸும்

கோலார் தங்கவயல்காரனிடம் போய் உனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்கக் கூடாது, கோபித்துக்கொள்வான். எங்கள் பேட்டைகள் ராபர்ட்சன், ஆண்டர்சன் என்ற துரைமார் பெயரில் இருக்கின்றன. ரயில் நிற்கிற ஓர் இடத்துக்குச் சாம்பியன் என்று பெயர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு தங்கம் லண்டனுக்குப் போனது, இங்கிலீஷ் இங்கே தங்கிவிட்டது. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். இங்கிலீஷை மூட இன்னும் யாரும் வரவில்லை.

அந்த இங்கிலீஷில் எங்கள் ஊருக்கு இரண்டு சொல் போதும்: மேன், பாஸ். அகராதிப்படி மேன் சாதாரண மனுஷன், பாஸ் எஜமான். அகராதி எழுதியவர் எங்கள் மாரிகுப்பம் ரயிலில் ஏறியதில்லை.

துரைகள் காலத்தில் மேன் என்பது மேலிருந்து கீழே மட்டும் விழுகிற கல். துரை ‘வாட் மேன்’ என்பார். தொழிலாளி அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. ஆனால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பாறையே சுடுகிற அந்த அடியில் மேல் கீழ் பார்க்க யாருக்குத் தெம்பிருக்கும்? அங்கே ஆளுக்கு ஆள் மேன் போட்டுக்கொண்டார்கள். இருட்டில் ‘மேன்’ என்று குரல் வந்தால் பக்கத்தில் துணை இருக்கிறது என்று அர்த்தம், என்பார் தாத்தா. பழக்கதோஷத்தில் லைன் வீட்டுக்கு வந்தும் பாட்டியிடம், “இன்னா மேன், சோறு ஆச்சா?” என்பார். “மேன் போயி ரெண்டு கொடம் தண்ணி புடிச்சிக்கினு வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்பாள் பாட்டி. துரைக்கு வாய்க்காத பதில்.

பாஸ், ரயிலில் வளர்ந்த சொல். சுரங்கம் போனதும், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் பிழைக்கிற ஊராகிவிட்டோம். “பாஸ், கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றால் வேண்டுகோள். “ஹலோ பாஸ்” என்றால் புகார். “இன்னா பாஸ்” என்றால் சட்டைக் காலரைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். சொல்லில் மரியாதை ஏற ஏற மனசில் அது இறங்கிக்கொண்டே போகும்.

ஒருநாள் பங்காருப்பேட்டை தாண்டியதும் ஜன்னலோர சீட்டுக்காக இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். வார்த்தைக்கு வார்த்தை பாஸ். கன்னடக்காரர் ஒருவர், “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி குரு” என்று நடுவில் புகுந்தார். குருவுக்கும் அடங்கவில்லை. மாலூர் வருவதற்குள் கை ஓங்கியாகிவிட்டது. அப்போது ஒருவன் கேட்டான்: “எந்த ஊரு பாஸ் நீ?”

“உரிகம்.”

“அட, உரிகமா மேன்?”

அவ்வளவுதான், இரண்டு பேரும் தங்கவயல்காரர்கள். ஒரு சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒயிட்ஃபீல்டு வருமுன் ஒருவன் டிபன் பாக்ஸ் இன்னொருவன் மடியில் இருந்தது.

வெள்ளைக்காரக் கம்பெனி 1956-இல் போனது. பிறகு வந்த சர்க்கார் கம்பெனியும் கதவைச் சாத்தியது. சம்பளம் தர ஒரு பாஸ்கூட மிஞ்சாத ஊரில், டீக்கடைக்குள் நுழைகிற முன்பின் தெரியாத ஆளெல்லாம் பாஸ். ஆனால் மேன் ஆக வேண்டுமென்றால் எங்களில் யாராவது ஒருவன் அவரோடு ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்க வேண்டும்.