அசுவாபாவ விசாரம்

ஆங்கில பாஷையில் 'ஹார்ஸ்' என்னும் சப்தம் எவ்விடத்தில் ஒலிக்கின்றதோ அவ்விடத்தில் குதிரை என்னும் பிராணி இராது என்பதே யாம் ஈண்டு நிலைநாட்டப் புகுந்த சித்தாந்தம். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்று தலைமுறை தலைமுறையாக வாதித்த தர்க்க சாஸ்திரிகள், சொல்லுள்ள இடத்தில் பொருளில்லை என்னும் இவ்வரிய வியாப்தியைக் கவனியாது விட்டமைக்கு, அவர்கள் இங்கிலீஷ் படியாமையே ஹேதுவாதல் வேண்டும்.

துணி உலர்த்தும் மரச்சட்டம் ஒரு ஹார்ஸ்; நுரை கக்கி வரும் கடலலைகள் வெள்ளை ஹார்ஸ்கள்; ஆண் தன் வயிற்றுப் பையிலே கருவைச் சுமக்கும் விசித்திர மீனொன்று கடல் ஹார்ஸ். 1831-ல் டிஸ்ரேலி தமது 'தி யங் டியூக்' நாவலில், எவரும் நினையாதிருக்கப் பந்தயத்தில் முந்திய ஒரு 'டார்க் ஹார்ஸை' ஓடவிட்டார். அஃது அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, 1844-ல் ஜேம்ஸ் போல்க் என்னும் மனிதராக உருமாறி, ஒன்பதாவது வாக்கெடுப்பில் ஜனநாயகக் கட்சியின் அபேட்சகராகி, அமெரிக்க ஜனாதிபதியாகவும் அமர்ந்துவிட்டது.

இவையெல்லாம் சில்லறைச் சான்றுகள். ஸ்காட்லாந்து தேசத்து ஜேம்ஸ் வாட், தமது நீராவி யந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோர்க்கு விளக்கும்பொருட்டு, 33,000 இறாத்தல் எடையை ஒரு நிமிஷத்தில் ஓரடி உயர்த்துவதே ஒரு 'ஹார்ஸ் பவர்' என்று விதித்தார். நாள் முழுதும் உழைக்கும் சாமானியக் குதிரை அவ்வளவுக்கு எட்டாது. அதே குதிரை முழு மூச்சில் இழுக்கும் சில விநாடிகளிலோ ஏறத்தாழ 15 குதிரைகளின் சக்தியைக் காட்டவல்லது. ஆகவே, ஒரு குதிரைக்குச் சமானமாக ஒருபோதும் நில்லாத பிராணி குதிரையே என்று ஏற்படுகின்றது. போதாக்குறைக்கு, இங்கிலாந்தில் 746 வாட் இருந்த அக்குதிரை, கால்வாயைக் கடந்து ஐரோப்பியக் கரையேறியதும் 735 ஆக இளைத்துப்போகின்றது. நம் கிணற்றடிகளில் 5 ஹெச்.பி. மோட்டார் இரைச்சலிட்டுத் தண்ணீர் இறைக்கின்றது. சாணமள்ளுவார் ஒருவரும் இல்லை.

இவ்விடத்தில் பூர்வபட்சி ஒருவர் ஒரு பிடி கொள்ளைக் கொணர்ந்து எம்மை மடக்கலாம். குதிரை மெய்யாகவே தின்றமையாலன்றோ கொள்ளுக்கு ஆங்கிலேயர் 'ஹார்ஸ் கிராம்' என்று பெயரிட்டனர்? ஆட்சேபம் வலியதுதான். ஆயினும் இன்று அது நம் வீடுகளில் ரசமாகக் கொதித்துத் துவையலாக அரைபடுவதையும், அடுக்களையில் குதிரை இல்லாமையையும் பிரத்தியட்சப் பிரமாணத்தால் அறிக. 'ஹார்ஸ் செஸ்ட்நட்' என்னும் மரத்தின் காயைக் குதிரை தின்றால் அதற்கே நஞ்சு என்பது உபரிச் சான்று.

அங்ஙனமாயின், குதிரை நிற்குமிடத்தில் அச்சொல் எங்கே ஒளிந்துகொள்கின்றது என்று வினவுவோர் பந்தய லாயத்துக்குச் சென்று காது கொடுக்கக் கடவர். இளைய ஆண் 'கோல்ட்', இளைய பெண் 'பில்லி', முதிர்ந்த பெண் 'மேர்', விதையடித்தது 'கெல்டிங்', இனவிருத்திக்கு நிறுத்தியது 'ஸ்டாலியன்'. உயரத்தை அளப்பது 4 அங்குலம் கொண்ட 'கை'யால். வெற்றியை அளப்பது கழுத்தாலும் மூக்காலும். அவயவங்கள் அனைத்தும் உண்டு, அவயவிதான் இல்லை.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நிதானமானவர்கள். 'குதிரைக் கொம்பு' என்றபோது கொம்பைத்தான் இல்லையென்றார்களே தவிர, குதிரையை விட்டுவைத்தார்கள். அந்தத் தாட்சண்யமும் 'ஹார்ஸ் டிரேடிங்' என்பதை நம் பத்திரிகைகள் 'குதிரை பேரம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டதோடு ஒழிந்தது. சட்டசபையில் பெரும்பான்மை ஆட்டங்காணும்தோறும் அச்சொல் தலைப்பேறுகின்றது; லாயத்துக்குப் பதிலாக உல்லாச விடுதி உண்டு, காவல் உண்டு, விலையும் உண்டு என்கின்றனர்; குதிரை இல்லை. விசாரித்தாலோ, பேரம் பேசியவரும் பேசப்பட்டவரும் தாம் அவ்விடத்தில் இருந்ததேயில்லை என்று சத்தியம் செய்கின்றனர். ஆதலின் எமது சித்தாந்தம் ஐயந்திரிபற ஸ்தாபிதமாயிற்று.