சத்தத்தை முந்தாத குண்டு

கேள்வி: சைலன்சர் மாட்டினால் துப்பாக்கி நிஜமாகவே 'புஸ்' என்றுதான் சுடுமா?

பதில்: சினிமாவில் மட்டும். சைலன்சர் அடக்குவது குழல் வாயில் பீறிடும் வாயுவின் சத்தத்தை. 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடும். அதை முந்தும் குண்டு வழிநெடுக 'படீர்' என்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். குண்டை மெதுவாக்கினால் வலு குறையும், எடையைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். குட்டைக் குழல்களுக்கு ஏற்ற .300 பிளாக்அவுட் தோட்டா 2011-ல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டது. அதன் மெதுவான வகையில் குண்டு சுமார் 14 கிராம்; வேகமானதில் 8 கிராம்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களின் டி லைல் கார்பைனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதன் .45 தோட்டா பிறவியிலேயே நிதானம். குளிர்தான் வில்லன்: 0 டிகிரியில் ஒலியின் வேகம் 331 மீட்டராகச் சரிவதால், கோடையில் அடக்கமாக இருந்த குண்டு பனியில் வாய் திறக்கலாம்.