பத்மநாபபுரத்துக்கு ஒரு போர்டிங் பாஸ்

அனுப்புநர்: நாஞ்சில் நாட்டுக் குடிமகன் ஒருவன், தக்கலை (தமிழ்நாட்டு மண், கேரள அரசின் அரண்மனைக்கு அடுத்த தெரு).

பெறுநர்: மத்திய சுற்றுலா அமைச்சகம், புதுதில்லி.

நகல்: கேரளத் தொல்லியல் துறை, தமிழ்நாடு வனத்துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தெற்கு ரயில்வே, திருவனந்தபுரம் கோட்டம், அருள்மிகு பத்மநாபசுவாமி (தகவலுக்காக மட்டும்).

பார்வை: மாநில மறுசீரமைப்பு, நாள் 1.11.1956.

பொருள்: திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்துக் கிடப்போரை நாஞ்சில் நாட்டுக்கு அழைத்து வந்து, சுற்றிக் காட்டி, பத்திரமாகத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக.

ஐயா, அம்மா,

சிங்கப்பூரின் சாங்கியில் அடுத்த விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம் இருந்தால் போதும், பயணியைப் பஸ்ஸில் ஏற்றி இலவசமாக ஊரைக் காட்டுகிறார்கள். இஸ்தான்புல்லில் ஆறு மணி நேரம் இருந்தால் துருக்கிய விமான நிறுவனம் சாப்பாடும் போட்டுப் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விடுகிறது. இஸ்தான்புல்லை விடுங்கள், அது பெரிய இடம். ஆனால் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் துரை வந்து இறங்கியதே 1819இல்தான். எங்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அப்போதே இருநூறு வயது தாண்டிவிட்டது. திருவிதாங்கூரின் தலைநகர் உத்தியோகத்திலிருந்து 1795இல் ஓய்வும் பெற்றாயிற்று. ஓய்வூதியம்தான் இன்னும் முறைப்படி வந்து சேரவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து இந்த அரண்மனை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எங்களுக்கு ஆகாயம் என்பது கேரளத்தில் இருக்கிறது. எனவே, அங்கே காத்துக் கிடக்கும் பயணிகளை எங்களிடம் அனுப்பிவைக்கும் திட்டம் ஒன்றைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்.

முதலில் அதிகாரம் யாருடையது என்று தெளிவுபடுத்திவிடுகிறேன், கோப்பு திரும்பி வரக்கூடாது பாருங்கள். 1956இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை கல்குளம் தாலுகாவில் இருக்கிறது. அதாவது நிலம் தமிழ்நாடு, அரண்மனை கேரளத் தொல்லியல் துறை. அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை தமிழ்நாடு வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. நாகர்கோவில் ரயில் நிலையம் திருவனந்தபுரம் கோட்டத்துக்குக் கீழே. விமான நிலையத்தை 2021 அக்டோபரிலிருந்து நடத்துவது குஜராத்தைச் சேர்ந்த அதானி குழுமம். ஆக, ஒரு பயணி ஐந்து மணி நேரம் சுற்றிப் பார்ப்பதற்கு இரண்டு மாநிலம், ஒரு மத்திய அரசு, ஒரு தனியார் குழுமம் எல்லாம் ஒரே நாளில் ஒத்த கருத்துக்கு வர வேண்டும். வேலிமலை முருகனுக்கு நேர்ந்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

பயணத்திட்டம் இது. குடியேற்றப் பிரிவில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வரவே முதல் மணி நேரம் கழிந்துவிடும். அடுத்தது சாலை. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை. நாலுவழிச் சாலை போடுகிறார்கள், பல வருடமாகப் போடுகிறார்கள், போட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு இதையும் ஒரு தொல்லியல் களமாகவே காட்டிவிடலாம் என்பது என் யோசனை. பாதி எழும்பிய மண்மேடு, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாலத்தூண். எந்த அரச மரபைச் சேர்ந்தது என்று வழிகாட்டி விளக்கினால் கேட்பவர் நம்பிவிடுவார்.

அரண்மனை வாசலுக்கு வந்து சேரும்போது மணி ஒன்றாகியிருக்கும். சீட்டு கொடுப்பவருக்கும் வயிறு உண்டல்லவா, இரண்டு மணிக்குத்தான் திறப்பார். திங்கட்கிழமை என்றால் திறக்கவே மாட்டார். இந்த இடைவேளையில் பயணிக்கு மட்டிப்பழம் வாங்கிக் கொடுக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், விரல் நீளம்தான், விமானத்தின் கைப்பை எடைக்கும் பாதகமில்லை.

உள்ளே போனபிறகு மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நடக்க வேண்டும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகியது என்பார்கள். உச்சி வெயிலிலும் பாதத்துக்குக் குளிர்ச்சி. அரசர் மந்திரிகளோடு பேசிய மந்திரசாலையில் வெளிச்சம் மரச் சட்டங்களின் வழியே வடிந்துதான் உள்ளே வரும். யார் முகத்தில் வெயில் அடிக்கிறது என்று ராஜா பார்த்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலிகள், பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரைக்காரன் விளக்கு, மூலிகை மரங்களால் செய்த கட்டில். தெற்கே ஒரு நாடு முழுவதையும் மரத்திலேயே யோசித்த தச்சர்களின் வேலை இது. 1750இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்ஜியத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தான் அவருடைய தாசனாக நின்று ஆண்டார். பொறுப்பை மேலதிகாரியின் பெயரில் எழுதிவைத்துவிட்டு நிர்வாகத்தைத் தான் நடத்தும் கலையை நம் அலுவலகங்கள் எங்கே கற்றன என்பது அந்த மண்டபங்களில் நடக்கும்போது விளங்கும்.

ஊட்டுப்புரையை அவசியம் காட்ட வேண்டும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து உண்ட கூடம். விமான நிலையத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறவர் அந்த விலையையும் இந்தக் கூடத்தின் நீளத்தையும் நினைத்துப் பார்த்து அமைதியாகிவிடுவார்.

அடுத்து உதயகிரிக் கோட்டை. நீண்ட இடைத்தங்கல் என்றால் என்ன என்பதற்கு அங்கே ஒரு கல்லறை சாட்சி. 1741இல் டச்சுக் கம்பெனியின் படையோடு குளச்சலில் இறங்கியவர் டிலனாய். சின்ன வேலை, முடித்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருப்பார். மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டார். அதன்பிறகு அந்த ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, கோட்டைகள் கட்டி, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆகி, 1777இல் இங்கேயே இறந்தார். முப்பத்தாறு வருடக் காத்திருப்பு. கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். விமானம் தாமதம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பயணிகளை முதலில் இங்கே கூட்டி வாருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் சுசீந்திரம் போகலாம், மிச்சம் இருக்காது. இருந்தாலும் மத்தியானம் நடை சாத்தியிருக்கும். திறந்திருந்தால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பெல்ட்டையும் ஷூவையும் கழற்றிக் கழற்றிப் பழகிய விமானப் பயணிக்கு இது ஒரு கூடுதல் சோதனை, அவ்வளவுதான். கன்னியாகுமரிப் பாறைக்குப் படகு, கடல் உள்வாங்காமலும் காற்று எழும்பாமலும் இருந்தால் போகும். 1892 டிசம்பரில் விவேகானந்தர் நீந்தியே போனார் என்பார்கள். வரிசையைப் பார்த்தபிறகு அவர் செய்ததுதான் சரி என்று தோன்றும்.

தொடக்க விழாவுக்கும் நாள் குறித்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டு என்னும் கடல் நீராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி விமான ஓடுபாதைக்குக் குறுக்கே போகிறது. யானையும் வாளும் பரிவாரமுமாக ஊர்வலம் கடந்து போய்த் திரும்பும் வரை, ஐந்து மணி நேரம்போல, ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. ஊர்ப் பெருமாளே பயணிகளுக்கு இடைத்தங்கல் வழங்குகிறார். அந்த நேரத்தில் அவர் பெயரைத் தாங்கிய புரத்துக்கு அழைத்து வருவதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஆராட்டு சாயங்காலம் நடக்கும், அரண்மனையை அதற்குள் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு குமாஸ்தா குறிப்பெழுதக்கூடும். திட்டம் என்றால் இப்படிச் சில்லறைச் சிக்கல்கள் இருக்கத்தான் செய்யும்.

விருந்தாளி தெய்வம் என்று நீங்கள் விளம்பரம் செய்கிறீர்கள். எங்கள் ஊரில் தெய்வங்களே விருந்தாளிகளாகப் போகின்றன. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேலிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். அரண்மனையில் அரச உடைவாள் கைமாறும். சரஸ்வதி யானைமேல், மற்ற இருவர் பல்லக்கில். முதல் இரவு குழித்துறையில், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். களியக்காவிளையில் இரு மாநிலப் போலீசும் மரியாதை செய்து வழியனுப்பி, வரவேற்கும். இரண்டு அரசுகளும் சண்டையில்லாமல் ஒரு பயணத்தை நடத்தித் தர முடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். மூன்று தெய்வங்களுக்கு முடிந்தது மூன்று மனுசனுக்கு முடியாதா என்பதே என் கேள்வி.

கடைசியாக, 'திருவனந்தபுரத்தில் யார் ஐயா இடைத்தங்குகிறார்கள்? அது பெரிய மாற்று விமான நிலையமா?' என்று உங்கள் கோப்பில் ஒரு கேள்வி எழும். நியாயம்தான். அங்கே பெட்டியும் கையுமாக மணிக்கணக்கில் காத்துக் கிடப்பது பெரும்பாலும் நாங்கள்தான். காலை விமானத்துக்கு முந்தின ராத்திரியே மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் கிளம்பி வருகிறோம், சாலையை நம்ப முடியாமல். வளைகுடாவுக்குப் போகிற பிள்ளையை வழியனுப்ப வந்த அம்மாமார் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் பலர் பத்மநாபபுரத்தைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. ஆகவே அயல்நாட்டுப் பயணி கிடைக்கும் வரை எங்களையே பயனாளிகளாகக் கொண்டு திட்டத்தைத் தொடங்கலாம். எங்கள் ஊரை எங்களுக்குக் காட்ட விசாவும் வேண்டாம்.

நிதி ஒதுக்கீடு தாமதமாகும் என்பதை அறிவேன். அதுவரை ஒன்றே ஒன்று செய்யுங்கள். விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் 'பத்மநாபபுரம் அரண்மனை, 55 கி.மீ., திங்கள் விடுமுறை' என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வையுங்கள். பலகை எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்று முடிவாகும் வரை, முறை வைத்து நாங்களே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாஞ்சில் நாட்டான்