டக் வைத்துத் தைத்த பதில்கள்

கேள்வி: ஷரஃபியாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘அபு ரியாலைன்’ (இரண்டு ரியால்) கடை. குழந்தை உடுப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஷின் மிதிப்பது பைத்தியக்காரத்தனமா?
— இரண்டு பிள்ளைகளின் அம்மா, ஜித்தா

பதில்: காசு மிச்சம் பிடிக்கத்தான் தைக்கிறீர்கள் என்றால், ஆமாம். பலத் கடைத்தெருவில் துணி, நூல், லேஸ், இலாஸ்டிக் எல்லாம் வாங்கிக்கொண்டு டாக்சியில் வீடு திரும்பும்போதே ரெடிமேட் கவுனின் விலை தாண்டியிருக்கும். கையால் 14 மணி 26 நிமிடம் பிடிக்கும் ஆண்கள் சட்டை தங்கள் மெஷினில் 1 மணி 16 நிமிடத்தில் முடிகிறது என்று 1860களிலேயே வீலர் அண்ட் வில்சன் கம்பெனி கணக்குக் காட்டி விளம்பரம் செய்தது. அதற்குப் பிறகு வந்த தொழிற்சாலைகள், ஒருவருக்குக் காலர், ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் காஜா என்று அந்த வேலையையும் கூறு போட்டுவிட்டன. திருப்பூரோடு வேகத்தில் போட்டி போட்டு எந்தத் தாயும் ஜெயிக்க முடியாது. சவூதியில் குடும்பத்தோடு இருப்பதன் செலவோடு பார்த்தாலும் இந்தச் சிக்கனம் சொற்பம்தான். 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய, வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பத்தாருக்கு அரசு விதித்த கட்டணம், ஆண்டுக்கு 100 வீதம் ஏறி 2020இல் 400ஐத் தொட்டது. கவுனில் பத்து ரியால் மிச்சமானால்கூட அது அந்தக் கணக்கில் காணாமல் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் எதற்காகத்தான் தைப்பது? ‘அன்பைச் சேர்த்துத் தைக்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
— அதே அம்மா, சற்றுக் கோபமாக

பதில்: சொல்ல மாட்டோம். அன்பை ரெடிமேட் உடுப்பு போட்டும் காட்டலாம். வீட்டுத் தையலுக்கு இருக்கும் நிஜமான பலம் வேறு: அதைப் பிரிக்கலாம். கடைக் கவுனை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விளிம்பை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். இழுத்துப் பிடித்து விரிக்க அங்கே துணியே இருக்காது. இனி பிள்ளையைப் பாருங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 50 செ.மீ. இருப்பது ஒரு வயதில் 75 ஆகிவிடும். மூன்று வயதுக்கு மேல் ஆண்டுக்கு 6, 7 செ.மீ. வளரும். ஆனால் மார்புச் சுற்றளவு அவ்வளவு வேகமாகக் கூடுவதில்லை. அதனால்தான் தோளுக்கும் மார்புக்கும் சரியாக இருக்கும்போதே கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. நம் ஊர்த் தையற்காரர்கள் இதற்குக் கண்ட வழி பட்டுப்பாவாடையில் இருக்கிறது: ‘வளர்ற பிள்ளை, ரெண்டு டக் வைங்க’. டக் என்பது துணியை மடித்துத் தைத்த மடிப்பு. 2 செ.மீ. ஆழமுள்ள டக் ஒன்றைப் பிரித்தால் 4 செ.மீ. நீளம் கிடைக்கும், வளரும் உயரம் முழுவதும் பாவாடைப் பகுதியில் மட்டும் வராததால் ஒரு வருஷத்துக்கு அது ஏறக்குறையப் போதும். இரண்டு டக் என்றால் இரண்டு வருஷம். பிரித்த இடத்தில் வெளுக்காத கோடு தெரியுமே என்பீர்கள்; அதன்மேல் ஒரு லேஸ் ஓட்டினால், பார்ப்பவர்கள் டிசைன் என்பார்கள். உடுப்பின் விலையை அது உடலில் இருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் வெட்டும்போது தையலுக்கு ஓர் அங்குலம் விட்டவரே ஜெயிக்கிறார். ஆகவே மாதத்துக்கு மாதம் வளரும் கைக்குழந்தைக்குக் கடையில் வாங்குங்கள். இரண்டு வயது தாண்டியவருக்குத் தையுங்கள். வெட்டும் முன் பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பிள்ளை வளரும் அன்றே துணி சுருங்கும்.

கேள்வி: ஊட்டியிலிருந்து மாமியார் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஜித்தாவில் ஸ்வெட்டரா?
— வியர்வையில் நனைந்த மருமகள்

பதில்: 2010 ஜூனில் 52 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது, செங்கடலின் புழுக்கம் வேறு. ஆனாலும் மாமியார் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஜித்தாவில் குளிர்காலம் என்பது ஏசி ஓடும் படுக்கையறையில் வருஷம் முழுக்க நடக்கிறது. பருத்தி நூலில் கையில்லாத மேல்சட்டை பின்னினால் அங்கே பயன்படும். விடுமுறைக்கு அபஹா மலைக்குப் போனாலும் உதவும். இங்கேயும் நம் வாதம் மாறவில்லை: பின்னலின் முனையை அவிழ்த்து இழுத்தால் நூல் முழுசாகத் திரும்ப வந்துவிடும். சின்னதாகிப்போன சட்டையின் நூலோடு ஒரு உருண்டை சேர்த்தால் பெரிய சட்டை. சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு மெஷினைவிடப் பின்னல் தோது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுகைச் சத்தம் கேட்டால் பாதி வரியில் போட்டுவிட்டு ஓடலாம். அப்போதும் ஊசியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு ஓடுங்கள். குழந்தை உடுப்பின் கழுத்தில் நாடாவும், பிய்ந்து வரக்கூடிய பொத்தானும் வேண்டவே வேண்டாம். ஒன்று கழுத்தை இறுக்கும். மற்றது தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: தையல் பெண்களுக்கு இயல்பாக வருகிற வேலை. நான் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டேன்; என் பங்கு முடிந்ததுதானே?
— கடமை முடித்த கணவர்

பதில்: ஐயா, பெருநாளுக்கு உங்கள் சட்டையைத் தைத்தவர் யார்? வளைகுடாவில் எந்தத் தையல் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அநேகமாக இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆண்பிள்ளைதான். கூலி கொடுத்தால் அது ஆணின் தொழில். கூலி இல்லாவிட்டால் பெண்ணின் இயல்பு. இயற்கை இப்படிச் சம்பளப் பட்டியல் பார்த்து வேலை பிரிக்காது. தையல் பெண்ணை வீட்டுக்குள் முடக்குகிறது என்பவர்களுக்கும் இதுவே பதில்: முடக்குவது ஊசி அல்ல, மற்ற வேலைகளையும் சேர்த்து அவர் தலையிலேயே கட்டுவதுதான். அவர் தைக்கும் ஒரு மணி நேரம் பிள்ளைகள் உங்கள் பொறுப்பு. அதோடு, ஏப்ரலில் பள்ளி திறக்கும் முன் டக் பிரிக்கும் வேலையும் உங்களுடையது. அதற்குப் பயிற்சி வேண்டாம், பொறுமை போதும். துணியைக் கிழிக்காமல் நூலை மட்டும் அறுக்க வேண்டும். அதுவும் இயல்பாக வராது என்றால், பலதுக்குப் போய் லேஸ் வாங்கி வாருங்கள், நிறம் பார்த்து!